மாலையோடு வந்தவர்களுக்கு ஒரு விளக்கம்

1

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வாய் கண்டிகையில் இருக்கும் என் அக்கா கன்னியம்மா உயிரோடுதான் இருக்கிறாள். நேற்றுகூடப் பேசினேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையோடு வந்தவர்கள், வர முடியாமல் போனில் அழுதவர்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்தபடியே கும்மிடிப்பூண்டியில் வண்டி ஏறியவர்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். நடந்ததை ஆளுக்கு ஒரு தடவை போனில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். நான் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் மெக்கானிக்காக இருந்தவன். மனைவி நர்ஸ். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. நெவாடா பாலைவனத்தில் ஒரு பெரிய அணை இருக்கிறது. அதைக் கட்ட வந்தவர்கள் தங்குவதற்காகவே உண்டாக்கிய சின்ன ஊரில் குடியிருக்கிறோம். எனக்கு வேலை, தண்ணீர் பாட்டில் நிரப்பும் ஆலையில். பாலைவனத்துக்குப் போய் தண்ணி விற்கிறான் என்று ஊரில் என்னைக் கேலி செய்வது எனக்கும் தெரியும்.

இங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருப்பதால், ஆலையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் நான் மிஸ்டர் எத்திராஜ். எப்போதோ போய்ச் சேர்ந்த என் அப்பாவை நாள் முழுக்கக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். அதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்தை வாங்க இன்னொரு படிவம் என்றார்கள். விட்டுவிட்டேன்.

மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. பள்ளியில் அவள் யாஸ். அந்தப் பெயரே போதும் என்பது அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டாவுக்கு நான் மாடிப்படி அடியில் நின்று "யாழினி" என்று தொண்டை கிழியக் கத்துவேன், மேலேயிருந்து ஒரு சத்தமும் வராது. காதில் இயர்போன் இருக்கும். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஊரிலிருந்து அக்கா வீடியோவில் வந்தால் கையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். இதற்கெல்லாம் மனம் வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும்.

2

இங்கே பள்ளிப் பிள்ளைகள் ஏதாவது ஒரு பொதுக் காரியத்தில் கொஞ்ச நேரம் உழைத்துக் காட்ட வேண்டும் என்று விதி. யாழினி ஊர் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஏசி நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை, பெட்டி பெட்டியாகக் கிடந்த பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது.

ஒருநாள் அவளை அழைத்துவரப் போனவன் நானும் அந்தப் படங்களைப் பார்த்தேன். ஏறக்குறைய நூறு வருடத்துப் பழைய படங்கள். அணை வேலைக்கு வந்த குடும்பங்கள் ஆற்றோரம் கூடாரம் அடித்து வாழ்ந்திருக்கின்றன. வெயில் தாங்காமல் குழந்தையை ஒரு தகரத் தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டு ஒரு பெண் துணி அலசுகிறாள். மலைச் சரிவில் கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் பாறையைக் குடைகிறார்கள். அணை நிரம்பினால் மூழ்கப்போகிற ஓர் ஊரில், சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள். ஒரு படத்தில் சிலர் கறுப்பாக, முரடாக ஏதோ ஒரு தொப்பி போட்டிருந்தார்கள். யாழினிதான் விளக்கினாள். மேலேயிருந்து கல் விழுமாம், இரும்புத் தொப்பி அப்போது கிடையாதாம், அதனால் துணித் தொப்பியைத் தாரில் முக்கிக் காய வைத்துப் போட்டுக்கொண்டார்களாம்.

அவள் இவ்வளவு நீளமாக என்னிடம் பேசியே வெகுநாள் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

படங்களின் பின்பக்கம் பென்சிலில் ஒரே வாசகம்: தொழிலாளர்கள், பெயர் தெரியவில்லை. இந்தப் படங்களோடு ஊர்க்காரர்களின் வீட்டுப் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றும், அணை வேலை செய்தவர்களின் படம் யார் வீட்டில் இருந்தாலும் தரலாம் என்றும் சொன்னாள். அப்புறம் காரில் வரும்போது, நம் வீட்டில் யாராவது அணை கட்டியிருக்கிறார்களா என்று கிண்டலாகக் கேட்டாள்.

உன் அத்தை கட்டியிருக்கிறாள் என்றேன்.

கண்ணன்கோட்டைக்கும் எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகைக்கும் நடுவே இரண்டு பழைய ஏரிகளைச் சேர்த்து நீர்த்தேக்கம் கட்டினார்களே, அந்த வேலைதான். அக்கா அங்கே மண் சட்டி சுமந்தாள், கரைக்குக் கல் பதிக்கக் கல் எடுத்துக் கொடுத்தாள். கூட எட்டுப் பெண்கள், எல்லோரும் அதற்கு முன் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள். சோற்று வேளையில் ஒன்பது பேரும் கரைமேல் வரிசையாகக் குந்தியிருக்கும் படம் ஒன்றை அங்கே வேலை பார்த்த இளம் இன்ஜினீயர் ஒருவர் போனில் எடுத்திருந்தார். தலையில் சும்மாடு அப்படியே இருக்கிறது, மடியில் டிபன் பாக்ஸ். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், நடுவில் இருக்கும் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தப் படம் என் போனில் இருந்தது. யாழினி வாங்கிப் பார்த்தாள், வீடு வரும்வரை திருப்பித் தரவில்லை. தலையில் சுருட்டி வைத்திருக்கிற துணி என்ன என்று கேட்டாள். சும்மாடு என்றேன். தார் போடவில்லையா என்று கேட்டாள்.

3

இனி வருவதுதான் விவகாரம்.

ஒன்பது பேர் இருக்கும் படத்தில் அத்தை சின்னதாகத் தெரிகிறாள் என்று யாழினி நினைத்தாள். அதனால் அத்தையின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, மற்ற படங்களோடு ஒத்துப்போகட்டும் என்று கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். நூலகத்தில் கறுப்புச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. கீழே பலகையில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் பாலைவனத்து உலர்ந்த பூக்கள். பக்கத்தில் ஒட்டிய அட்டையில் ஆங்கிலத்தில் அக்காவின் பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அப்புறம் வெற்றிடம். எல்லா அட்டைகளுக்கும் அதுதான் அமைப்பு.

அடுத்த சனிக்கிழமைதான் திறப்பு. முன்கூட்டியே பார்க்க வா என்று யாழினி கூப்பிட்டதால் ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை சாயங்காலமே போனேன். மண் சுமந்த எங்கள் அக்கா அமெரிக்காவில் ஒரு சுவரில் விளக்கு வெளிச்சத்தில் சிரிக்கிறாள். போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "எங்கள் அக்கா" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கைகூப்பும் பொம்மையையும் சேர்த்தேன்.

நம் பக்கத்தில் எந்த வீட்டில் அப்படி ஒரு படம் இருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனி ஆள், கறுப்பு வெள்ளை, சட்டம், மேலே விளக்கு, கீழே பூ. பொட்டு வைக்காததுதான் பாக்கி. என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ஊரில் ஞாயிறு பொழுது விடிகிற நேரம். எல்லோரும் எழுந்ததும் போனைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

4

ஊரில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா சொன்னதையும், அவள் சொல்லாமல் விட்டதை மற்றவர்கள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

பெரியபாளையம் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் தசரதன் எங்கள் சித்தப்பா மகன். படத்தைப் பார்த்ததும் அவன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே கனமான ரோஜா மாலையை எடுத்து வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறான். வீட்டுக்கு முன்னால் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. குழாயடியில் அக்கா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாருக்குடா மாலை என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவனுக்குச் சட்டென்று பொய் வரவில்லை.

"உனுக்குதான்க்கா" என்று சொல்லிவிட்டான்.

அதற்குள் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து எங்கள் மாமா குடும்பம் வேன் பிடித்துப் புறப்பட்டாயிற்று. அக்கா ஒவ்வொருவருக்கும் காபி போட்டுக் கொடுத்து, நான் சாகவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தாளாம். ஒரு கிழவி அக்காவின் கையைக் கிள்ளிப் பார்த்த பிறகுதான் நம்பியிருக்கிறாள். இங்கே நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அக்காவின் போன் வந்தது.

"டேய் நைனா, இன்னாடா பண்ணி வெச்ச? என்னெ பாக்க இவ்ளோ பேரு வருவாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் முன்னாடியே செத்திருப்பேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. எனக்கும் சிரிப்பு. பேச்சில் என்னையறியாமல் பழைய ஊர்த் தமிழ் வந்துவிட்டது, வந்துகினு போய்க்கினு என்று பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவியும் சிரித்தாள். யாழினி மட்டும் சிரிக்கவில்லை. தான் செய்த ஒன்றைப் பார்த்துவிட்டு உலகத்தின் இன்னொரு பக்கம் மாலை வந்திருக்கிறது என்று புரிந்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே போனாள்.

5

அந்த மாலையை என்ன செய்வது என்று ஊரில் ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கிறது. சாவுக்கு என்று எடுத்து வந்த மாலை, திரும்பக் கடைக்குக் கொண்டுபோக முடியாது, கோயிலுக்கும் ஆகாது. அக்கா அதை நாகம்மா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நாகம்மா அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்த அக்காவுக்குத்தான் ஒரு விஷயம் உறைத்திருக்கிறது.

மறுநாள் அக்காவே திரும்பக் கூப்பிட்டாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"நாகம்மாவுக்குன்னு தனியா ஒரு போட்டோ கூட கெடையாதுடா. அவ செத்தப்ப நாங்க கரை மேல குந்திக்கினு இருந்தமே, அந்தப் போட்டோலேர்ந்துதான் ஸ்டுடியோக்காரன் அவள வெட்டி எடுத்தான். செத்தவங்களதான் அப்பிடி வெட்டி எடுப்பாங்க. இப்ப என்னையும் வெட்டிட்டீங்க. என்னெ மறுபடியும் அவங்களோடயே சேத்துடு நைனா. இல்லன்னா எறக்கிடு."

நம்மில் பலருக்குத் தனியாக ஒரு படம் என்பது செத்த பிறகுதான் வாய்க்கிறது. கல்யாணக் கூட்டத்திலிருந்தோ ரேஷன் கார்டிலிருந்தோ கத்தரித்து, பின்னால் நீல வானத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியும். யாழினிக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் எடுத்த எடுப்பில், படத்தை இறக்கிவிடுகிறேன், கண்காட்சியே வேண்டாம் என்றாள். அத்தைக்காகத்தான் செய்தேன், எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று சொல்லும்போது அழுதாள். பன்னிரண்டு வருடத்தில் ஊர்ப் பக்கமாக அவள் எடுத்து வைத்த முதல் அடி அது. அதில் இடறி விழுந்தால் அப்புறம் அந்தத் திசைக்கே வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சமாதானம் சொல்ல எனக்கு வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, போனை யாழினி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. அரைமணி நேரம் கழித்து யாழினி கீழே வந்து, அந்த ஒன்பது பேர் படத்தின் மூலப் பிரதி வேண்டும் என்று கேட்டாள்.

நூலகத்தில் கண்காட்சியைக் கவனித்துக்கொள்பவர் லிண்டா. நல்ல மனுஷி, ஆனால் விதி என்றால் விதிதான். அணை கட்டிய பழைய ஆட்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள், அவர்கள் படத்துக்கு யார் சம்மதமும் தேவையில்லை. உயிரோடு இருப்பவர்கள் என்றால் ஒவ்வொருவரும் தன் பெயரில் சம்மதம் சொல்ல வேண்டும். முதல் படத்துக்கு அக்கா சார்பில் தம்பி என்ற முறையில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன், அதுவே செல்லாது என்று இப்போதுதான் சொல்கிறார். நான்கு பக்க ஆங்கிலப் படிவம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், அது எங்கள் பெண்கள் யாருக்கும் கிடையாது. நாகம்மா போக, அக்காவோடு சேர்த்து எட்டுப் பேரும் இப்போது தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறார்கள், சிலர் ஹவுஸ்கீப்பிங், சிலர் கேன்டீன். வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு ஷிப்ட். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு படம் மாட்டிவிடுவார்கள்.

யாழினி லிண்டாவோடு வாதாடினாள். நான் பக்கத்தில் நின்றேன், மிஸ்டர் எத்திராஜாக. படிவத்துக்குப் பதில் வீடியோவில் லிண்டா கண்முன்னால் ஒவ்வொருவரும் பெயருக்குப் பதில் சொன்னால் போதும் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அப்புறம் கேட்டேன். அத்தை சொன்னதாம். கரை வேலையில் தினமும் காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவார், இவர்கள் பதில் சொல்வார்கள், அப்புறம்தான் சட்டியைத் தொட வேண்டும். அதே மாதிரி நீ கூப்பிடு, நாங்கள் சொல்கிறோம் என்றிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தேசம்மா, குப்பம்மா, எல்லம்மா என்ற பெயர்கள்தான். குளியலறையிலும் அவள் சொல்லிப் பழகுவது கேட்கும். தேஷாமா என்று வந்தால் தானே நிறுத்தி மறுபடி சொல்வாள். எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதற்குத் திரும்பி முறைத்தாள். பள்ளியில் தன் பெயரை எல்லோரும் கடித்துத் துப்பும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதாம்.

6

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நூலகத்துச் சன்னலுக்கு வெளியே மலைகள் சிவந்துகொண்டிருந்தன. ஊரில் சனிக்கிழமை காலை, கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரம். சிலர் நைட் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தார்கள். தசரதன் பெரியபாளையத்திலிருந்து வந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாலை விஷயத்தில் அவனுக்கு ஒரு குற்ற உணர்ச்சி.

திரையில் அதே கரை. நாங்கள் படத்தில் பார்த்தபோது முடியாமல் கிடந்த கல் வரிசை, இப்போது நீளமாக, நேராகப் போகிறது. பின்னால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். எட்டுப் பேரும் படத்தில் இருந்த அதே வரிசையில் குந்தியிருந்தார்கள். புடவைக்கு மேல் கம்பெனி கோட்டு. நடுவில், அக்காவுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

லிண்டா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். யாழினி எழுந்து நின்றாள்.

"தேசம்மா."

"கீறேன்."

"சாந்தி."

"கீறேன்."

எங்கள் பக்கத்தில் இருக்கிறேன் என்பதை அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொரு பதிலுக்கும் யாழினி, படத்த மாட்டலாமா என்று தமிழில் கேட்டாள். மாட்டு கண்ணு, தாராளமா மாட்டு என்று பதில் வந்தது. மேரி மட்டும், நல்லா பெருசா மாட்டு என்றாள். குப்பம்மா இரண்டு தடவை சொன்னாள், முதல் தடவை சத்தம் பத்தவில்லை என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

அக்காவின் முறை வந்தது. யாழினி தயங்கினாள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சின்ன வயதில் நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். அத்தை என்றாள்.

"பேர சொல்லு கண்ணு. அட்டண்டன்சுல அத்தையெல்லாம் கெடையாது."

"கன்னியம்மா."

"கீறேன்."

ஊருக்கெல்லாம் அவளைச் சாகடித்தவன் நான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

எட்டுப் பேரும் ஆயிற்று, போதும் என்று லிண்டா பேனாவை மூடினார். ஒன்பதாவது பெயருக்குச் சம்மதம் தேவையில்லை, அவர் இறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். கரைமேல் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாழினி லிண்டாவைப் பார்த்தாள், அப்புறம் திரையைப் பார்த்தாள். அக்கா காத்துக்கொண்டிருந்தாள்.

"நாகம்மா" என்று கூப்பிட்டாள் யாழினி.

எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"கீறா."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஐயோ பஸ்ஸு என்று பகல் ஷிப்ட்காரர்கள் எழுந்து ஓடினார்கள். தசரதன் போனை அணைக்க மறந்து அவர்கள் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரம் எங்களுக்கு வானமும் தண்ணீரும் யாருடைய செருப்போ ஒன்றும் மாறி மாறித் தெரிந்தன. அவர்கள் கடைசியாக என்ன சொன்னார்கள் என்று லிண்டா கேட்டார். யாழினி விளக்கினாள். அவர் மறுபடி பேனாவைத் திறந்து, அட்டையில் ஒன்பது பெயர்களையும் போட்டுவிடலாம், வருடமும் கோடும் வேண்டாம் என்றார்.

7

படம் இப்போது அந்தச் சுவரில் இருக்கிறது. கலரில், முழுதாக, ஒன்பது பேரோடு. இடது பக்கத்தில் தார்த் தொப்பிக்காரர்கள். திறப்பு நாளில் வயதான உள்ளூர்க்காரர் ஒருவர் எங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தார். பக்கத்துப் படத்து ஆட்களின் பெயர்களைத் தேடிப் பார்க்க முடியுமா என்று யாழினி லிண்டாவிடம் கேட்டிருக்கிறாள். பழைய குடும்பங்களை ஒவ்வொன்றாகப் போய்க் கேட்பதாக ஏற்பாடு. பள்ளிக்குக் காட்ட வேண்டிய நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, அவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

திறப்பு அன்றைக்கே ஸ்டேட்டஸில் புதுப் படத்தைப் போட்டேன், இந்தத் தடவை கைகூப்பு இல்லாமல். தசரதனிடமிருந்து உடனே செய்தி வந்தது. இன்றைக்கும் மாலை எடுத்து வரணுமா, இல்லை கடையைத் திறக்கலாமா என்று கேட்டிருந்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாஷ்டாவுக்கு இட்லி. வழக்கம்போல மாடிப்படி அடியில் நின்று "யாழினி" என்று ஒரு குரல் கொடுத்தேன். பதில் வராது என்று தெரிந்ததால், அடுத்த குரலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"கீறேன்" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.